சனிக்கிழமை மதியம் பிறந்த கிளப்புகள்

1875 மார்ச் மாதம் பர்மிங்ஹாமில் ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் வில்லா கிராஸ் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த இளைஞர்கள். எதிரில் ஆஸ்டன் புரூக் செயின்ட் மேரிஸ் என்ற ரக்பி அணி. இவர்கள் ஆடுவது ஒரு விளையாட்டு, அவர்கள் ஆடுவது வேறு விளையாட்டு. கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: முதல் பாதி முட்டை வடிவப் பந்தோடு ரக்பி, இரண்டாம் பாதி உருண்டைப் பந்தோடு கால்பந்து. பக்கத்துக்குப் பதினைந்து பேர் இறங்கினார்கள். முதல் பாதியில் இரு பக்கமும் புள்ளி எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஜாக் ஹியூஸ் என்ற இளைஞர் ஒரு கோல் போட, சபைப் பையன்கள் ஜெயித்தார்கள். 1982-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஆஸ்டன் வில்லாவின் முதல் ஆட்டம் இதுதான்.

அந்த இளைஞர்கள் கால்பந்துக்காகச் சேர்ந்தவர்கள் அல்லர். கோடையில் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடியவர்கள். குளிர்காலத்தில் பிரிந்துவிடாமல் இருக்க ஏதேனும் ஒரு விளையாட்டு வேண்டுமென்று தேடியவர்கள். இங்கிலாந்தின் பழைய கிளப்புகள் எதன் பிறப்பைத் தோண்டினாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தேவாலயம், ஞாயிறு பள்ளி, பீரங்கிப் பட்டறை, ரயில் பெட்டித் தொழிற்கூடம் என்று ஏற்கெனவே ஓரிடத்தில் கூடிக்கொண்டிருந்த மனிதர்களிடம் ஒரு பந்து வந்து சேர்ந்திருக்கிறது. கூட்டம் முதலில் இருந்தது. பிறகு ஓய்வு நேரம் கிடைத்தது. பந்து கடைசியில்தான் வந்தது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கிளப்புகளின் வரலாறு முழுக்கத் தெளிவாகிவிடும் என்று நான் நம்புகிறேன்.

பந்தை உதைப்பது இங்கிலாந்துக்குப் புதிதல்ல. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாளில் ஊரே இரண்டாகப் பிரிந்து ஒரு பந்துக்காக முட்டி மோதும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்தது. டார்பிஷயரின் ஆஷ்போர்ன் ஊரில் இன்றும் ஆடுகிறார்கள்; ஒரு கோலுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மூன்று மைல். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா. வாரந்தோறும் ஆட வேண்டுமானால் வாரந்தோறும் ஓய்வு வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு ஆறு நாள் வேலை. ஏழாம் நாளான ஞாயிறு கர்த்தருக்கு உரியது. அன்றைக்கு விளையாட்டு கூடாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் பெண்களையும் வளரிளம் பருவத்தினரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அது சொன்னது. வயதுவந்த ஆண்களைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லை. ஆனால் பெண்களும் சிறுவர்களும் எழுந்து போய்விட்டால் ஆலை எப்படி ஓடும்? இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லாரும் வெளியே வந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த அரைநாள் விடுப்பு ஒவ்வொரு தொழிலாகப் பரவியது. வேலை முடிந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மைதானத்துக்கு நடந்து போனால் மூன்று மணி. ஆங்கிலக் கால்பந்தின் மரபான தொடக்க நேரம் இன்றும் சனிக்கிழமை மூன்று மணிதான். அந்த நேரத்தைக் காப்பாற்றுவதற்காகவே சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதில்லை.

விதிகள் வேறொரு மூலையில் உருவாகிக்கொண்டிருந்தன. பணக்காரப் பிள்ளைகள் படித்த விடுதிப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பந்தாட்டம் வைத்திருந்தது. அதைத் தீர்மானித்தது இடம். சார்ட்டர்ஹவுஸ், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிகளில் கல் தளம் பாவிய தாழ்வாரங்களில் ஆடினார்கள். அங்கே விழுந்தால் எலும்பு முறியும்; அதனால் பந்தைக் காலடியிலேயே வைத்து நகர்த்தும் கலை வளர்ந்தது. ரக்பி பள்ளிக்கு அகன்ற புல்வெளி இருந்தது. அங்கே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆளை இழுத்துக் கீழே தள்ளலாம். தரை வேறாக இருந்ததால் ஆட்டமும் வேறாயிற்று. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒரே ஊரில் சந்தித்தபோது யார் விதியில் ஆடுவது என்ற சண்டை வந்தது.

1863 அக்டோபர் 26 அன்று லண்டன் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் கூடிய கிளப்புகள் ஃபுட்பால் அசோசியேஷனைத் தொடங்கியது இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான். முன்னின்றவர் பார்ன்ஸ் கிளப்பின் எபனேசர் காப் மார்லி என்ற வழக்கறிஞர். பெரிய வாக்குவாதம் எதிராளியின் முன்னங்காலில் உதைக்கலாமா என்பதைப் பற்றி வந்தது. அதை நீக்கினால் ஆட்டத்தின் வீரமே போய்விடும் என்று பிளாக்ஹீத் கிளப்பின் பிரதிநிதி வாதாடினார். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் கால் உடைந்து கிடக்க முடியாது என்ற தரப்பு வென்றது. பிளாக்ஹீத் வெளியேறியது, 1871-ல் ரக்பி யூனியனை நிறுவியவர்களில் அதுவும் ஒன்று.

அந்த முதல் விதிகளைப் படிப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. கோல் கம்பங்கள் இரண்டு உண்டு. மேலே குறுக்குக் கட்டை கிடையாது. பந்து எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல்தான். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாற வேண்டும். எத்தனை பேர் ஆடலாம் என்ற கணக்கு இல்லை, நடுவர் இல்லை, கோல்கீப்பர் என்ற ஆளும் இல்லை. இன்று நாம் கால்பந்து என்று நினைக்கும் பல அம்சங்கள் லண்டனில் பிறக்கவில்லை. அவை ஷெஃபீல்டிலிருந்து வந்தன.

கத்திக்கும் எஃகுக்கும் பெயர்பெற்ற அந்த வடக்கு நகரத்தில், லண்டன் கூட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, 1857 அக்டோபர் 24 அன்று ஷெஃபீல்டு ஃபுட்பால் கிளப் தொடங்கியது. நதானியேல் கிரெஸ்விக் வழக்கறிஞர். வில்லியம் பிரெஸ்ட் ஒயின் வியாபாரி. இருவரும் கிரிக்கெட் ஆடியவர்கள். குளிர்காலத்தில் உடம்பு தளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. இன்றும் உயிரோடிருக்கும் கால்பந்து கிளப்புகளில் உலகிலேயே மூத்தது இது என்று ஃபிஃபா ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூத்ததாக இருப்பதில் ஒரு சிக்கலும் இருந்தது: எதிர்த்து ஆட வேறு கிளப் இல்லை. அதனால் உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே கட்சி பிரித்துக்கொண்டார்கள். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம்.

1860-ல் பக்கத்திலேயே ஹாலம் கிளப் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று, பனி மூடிய சாண்டிகேட் மைதானத்தில் இரண்டும் மோதின. பக்கத்துக்குப் பதினாறு பேர். ஷெஃபீல்டு இரண்டு கோலில் வென்றது. இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டமாக அது கருதப்படுகிறது. ஹாலம் இன்றும் அதே சாண்டிகேட்டில்தான் ஆடுகிறது. ஷெஃபீல்டுக்காரர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்ட விதிகள் பத்து இருபது ஆண்டுகள் லண்டன் விதிகளோடு போட்டி போட்டன. கார்னர் கிக் அங்கே பிறந்து 1872-ல் லண்டன் விதிகளுக்குள் போனது. இரு தரப்பும் 1877-ல் ஒன்றாயின. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஷெஃபீல்டின் பிராமல் லேன் மைதானத்தில் மின்விளக்கு வெளிச்சத்தில் ஓர் இரவு ஆட்டமும் நடத்திக் காட்டினார்கள். எடிசனின் இழைவிளக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு அது, எரிந்தவை வில்விளக்குகள். அந்தப் புதுமையைப் பார்க்கச் சுமார் இருபதாயிரம் பேர் திரண்டார்கள்.

ஷெஃபீல்டின் இன்னொரு பழைய கிளப் கிரிக்கெட்டின் தடயத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. 1820-ல் தொடங்கிய வெட்னஸ்டே கிரிக்கெட் கிளப் புதன்கிழமை அரைநாள் விடுப்பு கிடைத்த கைவினைஞர்களுடையது. 1867 செப்டம்பரில் அவர்கள் கூடி, குளிர்காலத்தில் உறுப்பினர்கள் சிதறாமலிருக்கக் கால்பந்துப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். கிரிக்கெட் கிளப் போய்விட்டது. குளிர்காலத்துக்கென்று வந்த பிரிவு ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்ற பெயரில் நிற்கிறது.

இத்தனை ஊர்களும் ஒரே விளையாட்டை ஆடுவதற்கு விதி மட்டும் போதாது. ஒரே மாதிரியான பந்தும் வேண்டும். பழைய பந்தின் உள்ளே பன்றியின் சிறுநீர்ப்பை இருந்தது. பச்சையாக இருக்கும்போதே வாயால் ஊதி, மேலே தோல் உறை தைப்பார்கள். பன்றிக்குப் பன்றி பை மாறும், பந்தும் மாறும். ரக்பி ஊரில் பள்ளிக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருந்த ரிச்சர்ட் லிண்டனின் வீட்டில் இந்தப் பைகளை ஊதும் வேலை அவர் மனைவியுடையது; நோயுற்ற பைகளை ஊதி ஊதி நுரையீரல் கெட்டு அவர் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. 1862 வாக்கில் லிண்டன் ரப்பர் பைக்கு மாறினார். ரப்பர் வாயால் ஊத முடியாத அளவு விறைப்பாக இருந்ததால், காது கழுவும் பீச்சுக்குழலைப் பார்த்து அதைப் பெரிதாக்கிப் பித்தளையில் ஒரு பம்பு செய்தார்.

ரப்பரும் அதற்குச் சற்று முன்புதான் பயன்படும் பொருளாகியிருந்தது. பாலாக வடித்த இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு இடையே பாலங்கள் உண்டாகி இரண்டு குறையும் நீங்குகின்றன. அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் இதற்கு 1844-ல் காப்புரிமை பெற்றார். குளிர்காலத்தில் மட்டும் ஆடும் விளையாட்டுக்குக் குளிரில் வெடிக்காத ரப்பர் எவ்வளவு பெரிய வரம்! அடைபட்ட காற்று எல்லாத் திசையிலும் சமமாக அழுத்துகிறது. சுற்றியுள்ள சுவர் எங்கும் ஒரே தடிமனாக, ஒரே அளவு இழுபடுவதாக இருந்தால், அது தானாகவே கோளமாகிவிடும். ஒரு கொள்ளளவைச் சுற்றி வளைக்கக் குறைந்த பரப்பு போதுமான வடிவம் கோளம்தான். விலங்கின் பையால் முடியாத இதை ரப்பர் செய்தது. 1872-ல் பந்தின் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம் என்று வரையறுத்தார்கள். இன்றுவரை அதே அளவுதான்.

தேவாலயங்கள் ஏன் கால்பந்தில் இறங்கின? உடலுறுதியும் ஒழுக்கமும் சேர்ந்து வளர வேண்டும் என்ற எண்ணம் அக்காலக் கிறிஸ்தவத்தில் வேகமாகப் பரவியிருந்தது. அதைவிட நெருக்கமான காரணம், தொழில் நகரங்களின் நிலை. கிழக்கு மான்செஸ்டரின் வெஸ்ட் கார்ட்டனில் வேலையின்மையும் குடியும் இருந்தன. இளைஞர்கள் கும்பல் கும்பலாகப் பெல்ட்டும் கத்தியும் எடுத்துக்கொண்டு தெருச்சண்டை போட்டார்கள். அங்கே செயின்ட் மார்க்ஸ் தேவாலயப் போதகர் ஆர்தர் கானலின் மகள் அன்னா கானல், உழைக்கும் ஆண்களுக்கான கூட்டங்களைத் தொடங்கினார். சபை நிர்வாகிகள் கிரிக்கெட் அணி அமைத்தார்கள். 1880-ல் கால்பந்தும் சேர்ந்தது. நவம்பர் 13 அன்று மேக்கிள்ஸ்ஃபீல்டு பாப்டிஸ்ட் சபை அணியிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றதுதான் பதிவாகியுள்ள முதல் ஆட்டம். அந்த அணி 1887-ல் ஆர்ட்விக் ஆனது, 1894-ல் மான்செஸ்டர் சிட்டி ஆனது. ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் தொடக்கக் கதையில் ஒரு பெண்ணின் பெயர் இருப்பது அரிது. அன்னாவின் பெயரை அந்தக் கிளப்பின் ஒவ்வொரு ரசிகரும் அறிந்திருக்க வேண்டும்.

சபையிலிருந்து வந்தவை இன்னும் பல. ஃபுல்ஹாம் ஒரு ஞாயிறு பள்ளியில் தொடங்கியது. டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரை 1882-ல் தொடங்கியவர்கள் பள்ளிச் சிறுவர்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் அவர்களுடைய வேதபாட வகுப்பின் ஆசிரியர். போல்டன் வாண்டரர்ஸ் 1877 வரை கிறைஸ்ட் சர்ச் அணியாக இருந்து, தான் இல்லாமல் கூட்டம் நடத்தக் கூடாது என்று போதகர் பிடிவாதம் பிடித்ததால் பிரிந்து வந்தது.

பட்டறைகளின் கதை வேறு. லங்காஷயர்–யார்க்ஷயர் ரயில்வேயின் நியூட்டன் ஹீத் பெட்டித் தொழிற்கூடத்தார் 1878-ல் ஓர் அணி அமைத்துப் பச்சையும் பொன்னிறமும் உடுத்தினார்கள். 1902-ல் கடனில் மூழ்கியபோது ஜான் ஹென்றி டேவிஸ் என்ற மதுபான ஆலை முதலாளி அதை மீட்டார். பெயர் மான்செஸ்டர் யுனைடெட் என்று மாறியது.

தேம்ஸ் கரையின் உல்விச் ஆயுதத் தொழிற்சாலையில், நுழைவாயில் மேல் சூரியக் கடிகாரம் பதித்த பட்டறைக்கு டயல் ஸ்குவேர் என்று பெயர். 1886-ல் டேவிட் டான்ஸ்கின் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் தோழர்களும் அங்கே அணி சேர்த்தார்கள். சட்டை வாங்கப் பணமில்லை. அவர்களில் சிலர் முன்பு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் ஆடியவர்கள். அங்கே எழுதிக் கேட்க, ஃபாரஸ்ட் சிவப்புச் சட்டைகளும் ஒரு பந்தும் அனுப்பியது. ஃபாரஸ்டின் சிவப்பு எங்கிருந்து வந்தது? 1865-ல் கிளப்பைத் தொடங்கியவர்கள், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் செஞ்சட்டைப் படையை நினைத்துத் தேர்ந்த நிறம் அது. டயல் ஸ்குவேர் அணிதான் பின்னாளில் ஆர்சனல் ஆனது; அது இன்று உடுத்தும் சிவப்பு அந்த வழியில் வந்தது. இத்தாலியின் கடனை நாட்டிங்ஹாம் வேறொரு விதத்தில் தீர்த்தது: 1903-ல் டூரின் நகரின் யுவெண்டஸ் கிளப்புக்குப் புதுச் சட்டை தேவைப்பட்டபோது, அங்கே இருந்த ஓர் ஆங்கிலேயர் நாட்டிங்ஹாமிலிருந்து நாட்ஸ் கவுண்டியின் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டைகளை வரவழைத்தார். 2011-ல் டூரினில் புது மைதானத்தைத் திறந்தபோது யுவெண்டஸ் முதல் ஆட்டத்துக்கு அழைத்தது நாட்ஸ் கவுண்டியைத்தான்.

லண்டன் கிழக்கில் கப்பல் கட்டும் தேம்ஸ் இரும்பாலையில் 1895-ல் ஓர் அணி பிறந்தது. ஆலை முதலாளி ஆர்னால்டு ஹில்ஸ் இங்கிலாந்துக்காகவே கால்பந்து ஆடியவர். மது தொடாதவர், சைவ உணவுக்காரர். லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் தலைவர் அவர். சட்டம் படிக்கப் போயிருந்த காந்தி அதே சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஓர் உறுப்பினரை நீக்கும் விவகாரத்தில் ஹில்ஸுக்கு எதிராக நின்றதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். வேலைநிறுத்தங்களால் கசந்துபோன ஆலையில் தொழிலாளரையும் நிர்வாகத்தையும் இணைக்க ஹில்ஸ் கண்ட வழிகளில் ஒன்று கால்பந்து. ஆலை 1912-ல் மூடப்பட்டது. அணி 1900 முதல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற பெயரில் இருக்கிறது. அதன் சின்னத்தில் இரண்டு சுத்தியல்கள் இன்னும் குறுக்காகக் கிடக்கின்றன.

மைதானம் முதலில் இருந்து கிளப் பிறகு வந்த கதையும் உண்டு. செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் சபையில் 1878-ல் தொடங்கி மறு ஆண்டு பெயர் மாற்றிக்கொண்ட எவர்டன், ஆன்ஃபீல்டில் ஆடிவந்தது. மதுபான ஆலை முதலாளி ஜான் ஹவுல்டிங்கோடு வாடகையில் தொடங்கிய தகராறு முற்றி 1892-ல் எவர்டன் வெளியேறி குடிசன் பார்க் போனது. காலி மைதானத்தோடு நின்ற ஹவுல்டிங் ஒரு புதுக் கிளப்பை உருவாக்கினார், அதுதான் லிவர்பூல். 1905-ல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்துக்கு வர ஃபுல்ஹாம் மறுத்தபோது, அதன் உரிமையாளர் கஸ் மியர்ஸ் தொடங்கியது செல்சி.

தெருவிலும் பட்டறையிலும் பிறந்த அணிகள் கனவான்களை வெல்லச் சற்றுக் காலம் பிடித்தது. 1872-ல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆடியவர்கள் பழைய விடுதிப் பள்ளி மாணவர்களும் ராணுவ அதிகாரிகளும்தான். 1883-ல் நெசவாளர், நூற்பாலைத் தொழிலாளர் அடங்கிய பிளாக்பர்ன் ஒலிம்பிக், ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர்களைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வீழ்த்திக் கோப்பையை வடக்கே கொண்டுபோனது. அதன் பிறகு அந்தக் கோப்பை பள்ளிக் கனவான்கள் கைக்குத் திரும்பவே இல்லை. ஆடுபவருக்குக் கூலி கொடுப்பதை இரண்டே ஆண்டில், 1885 ஜூலையில், அசோசியேஷன் அனுமதித்தது. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். அரைநாள் கூலியை இழந்து ரயிலேறி ஆடப் போகும் நெசவாளருக்கு, பணம் வாங்காமல் ஆடும் பெருமையை யாரும் உபதேசிக்க முடியாது.

கூலி கொடுக்க வாரந்தோறும் வசூல் வேண்டும். வசூலுக்கு உறுதியான ஆட்டங்கள் வேண்டும். எதிரணி கடைசி நேரத்தில் வராமல்போவது அப்போது சாதாரணம். ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகியாக இருந்த ஸ்காட்லாந்துத் துணிக்கடைக்காரர் வில்லியம் மக்ரெகர் 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார்: பத்துப் பன்னிரண்டு அணிகள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இரண்டு முறை ஆடட்டும். ஏப்ரலில் மான்செஸ்டரில் கூடி ஃபுட்பால் லீகை அமைத்தார்கள். உலகமெங்கும் இன்று நடக்கும் லீக் முறை இந்தக் கடிதத்திலிருந்து வந்தது. முதல் பன்னிரண்டில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை, ஆறு மத்திய இங்கிலாந்தைச் சேர்ந்தவை; லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. தெற்கின் ஒரு கிளப் முதன்முதலாக லீகை வென்றது 1931-ல், அது ஆர்சனல்.

ஷெஃபீல்டு கிளப் கூலிக்கு ஆட மறுத்துக் கீழ்நிலை லீகுகளிலேயே தங்கிவிட்டது. 2011-ல் கையால் எழுதிய தன் பழைய விதிப் பிரதி உள்ளிட்ட ஆவணங்களை லண்டனில் ஏலம் விட்டது. எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. பிளாக்பர்ன் ஒலிம்பிக் கூலிச் செலவைத் தாங்க முடியாமல் 1889-ல் மறைந்தது. லீகைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் அக்ரிங்டன் 1896-ல் கலைந்துபோனது. மற்ற பதினொன்றின் பெயர்களும் இன்றும் ஆட்ட அட்டவணையில் இருக்கின்றன.